பொலிக்கு ஒரு துளி

உள்ளங்கையில் சுடச்சுடத் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிக்கொண்டு, அதை மேற்கு வானத்துக்கு நேரே ஏந்திப் பிடித்தபடி, குசினிப் பக்கத்து வளவில் ஒரு மனிதன் நிற்கிறான். கை வேகிறது. ஆனாலும் கீழே விடாமல், கண்ணைக் கிட்டக் கொண்டுபோய் அதன் நிறத்தைப் பார்க்கிறான்.

அந்த மனிதன் நான்தான். வயது இருபத்திரண்டு அல்லது மூன்று. உத்தியோகம், ரசாயன வாத்தியார்.

விறாந்தையில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஊர்த் தலைமைக்காரரான விதானையார். என்னைப் பற்றி அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு அறிக்கை எழுதவென்று வந்தவர். அவர் குசினிப் பக்கம் திரும்பி, "அக்கா, வாத்தியாருக்கு இது அடிக்கடி வாறதா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

போன வாரம் நான் தோணியில் இருந்து விழுந்த கதையைப் படித்த வாசகர் ஒருவர், "உங்கள் வாழ்க்கையில் கௌரவமாக ஏதும் நடந்ததுண்டா?" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். நடந்ததுண்டு. அதைச் சொல்லுமுன் இந்தச் சொதியின் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும்.

ஓர் அலுமாரியும் ஒரு தவணையும்

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். தன்னாமுனைக்குக் கிட்ட, வாவிக் கரையோரமாக இருந்த ஒரு பள்ளிக்கூடம். அங்கே விஞ்ஞானம் படிப்பிக்க என்னை எடுத்தார்கள். எடுத்தார்கள் என்பது கொஞ்சம் கூடுதலான சொல். பெரிய வாத்தியார் என்னைத் தம்முடைய மேசைக்கு முன் நிறுத்தி இப்படிச் சொன்னார்:

"ஒரு தவணை பாப்பம். பிள்ளையள் ஏதாச்சும் செய்து காட்டினா வகுப்பு நிக்கும். கச்சேரியில இருந்து ஒரு முறைப்பாடு வந்தாலும், வகுப்பையும் மூடி உங்களையும் அனுப்பிப் போடுவன்."

அனுப்பினால் நான் போக வேண்டிய இடம் கிரான். அங்கே எங்கள் அப்பா தம்முடைய வயல் வட்டையில் ஒரு சோடி எருமையையும் ஒரு கலப்பையையும் எனக்காகத் தயாராக வைத்திருந்தார். நான் படித்ததில் அவருக்கு வருத்தம் இல்லை. படித்து முடிந்தபின்னும் நான் வயலுக்கு வராததில்தான் வருத்தம். எனக்கோ சேற்றில் கால் வைத்தால் சொறி வரும். இதை ஒரு கமக்காரனின் மகன் வெளியே சொல்ல முடியுமா? அந்த வேலையை நான் எவ்வளவு ஆசையோடு பற்றிக்கொண்டேன் என்பதை இதில் இருந்தே விளங்கிக்கொள்ளுங்கள்.

ஆய்வுகூடம் என்று ஓர் அலுமாரியைத் தந்தார்கள். திறந்தேன். ஒரு போத்தல் உப்புத் திராவகம் என்ற அமிலம், ஆறு பீங்கான் கிண்ணம், கண்ணுக்கு மருந்து விடும் கண்ணாடிக் குழாய்கள் கொஞ்சம், குடும்பத்தோடு ஒரு பல்லி. அமிலமா காரமா என்று பார்க்கும் லிட்மஸ் தாளுக்கு ஒரு பெட்டி இருந்தது. தாள் இல்லை. சண்டையில் கப்பல் வரவில்லை என்றார் பெரிய வாத்தியார். அந்த நாளில் எது இல்லாவிட்டாலும் கப்பல்தான் வரவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் சுண்ணக்கட்டி இல்லாததற்கும், கூரையில் ஓடு இல்லாததற்கும் அதே கப்பல்தான் பொறுப்பு.

காரத்துக்குக் காஸ்டிக் சோடாவை ஏறாவூரில் சவர்க்காரம் காய்ச்சும் ஒரு முஸ்லிம் நானாவிடம் வாங்கினேன். ஓலைப்பெட்டியில் போட்டுத் தரமாட்டேன், தோலை உரித்துவிடும் என்று போத்தல் கொண்டுவரச் சொன்னார். "இத வெச்சு என்ன செய்யப் போறீங்க வாத்தியார்?"

"உப்பு."

நானா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போத்தலின் வாயை இன்னுமொரு துணியால் இறுக்கிக் கட்டித் தந்தார்.

செவ்வரத்தம்பூ வாத்தியார்

லிட்மஸ் இல்லாவிட்டால் என்ன, வேலிக்கு வேலி செவ்வரத்தை பூத்துக் கிடந்தது. அந்தப் பூவைக் கடதாசியில் தேய்த்தால் ஊதா நிறம் ஏறும். அதில் அமிலம் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் பச்சையாகும். மஞ்சள் தேய்த்த கடதாசியும் செய்தோம். அதற்கு அமிலம் ஒரு பொருட்டே இல்லை. காரம் பட்டால் மட்டும் ரத்தம்போல் சிவந்துவிடும்.

வீட்டில் இருந்து ஏதாவது கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் வகுப்பு ஒரு சந்தையாக மாறியது. தேசிக்காய், புளி, முட்டியோடு எருமைத் தயிர், சாம்பல், சவர்க்காரத் துண்டு, வெற்றிலைச் சுண்ணாம்பு. புளிப்பதெல்லாம் பூக்கடதாசியைச் சிவப்பாக்கியது. வழுவழுப்பதெல்லாம் பச்சையாக்கியது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஆணம், சோறு, தகப்பனின் வியர்வை எல்லாவற்றிலும் கடதாசியைத் தோய்த்துப் பார்த்தார்கள். ஒருவன் தன் மாமியின் நாக்கில் வைத்துப் பார்த்து அடி வாங்கினான். வேலியில் பூ இல்லாமல் போனது. கோயிலுக்குப் பூவெடுக்க வந்தவர்கள் என்னைச் செவ்வரத்தம்பூ வாத்தியார் என்று சொல்லத் தொடங்கினார்கள். அவர்கள் அதை மரியாதையாகச் சொல்லவில்லை.

கடைசியில் அந்தப் பெரிய பாடம் வந்தது. அமிலத்தில் காரத்தைத் துளித்துளியாக விட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். பிறகு கடதாசி சிவக்கவும் மாட்டாது, பச்சையாகவும் மாட்டாது. மிஞ்சுவது உப்பும் தண்ணீரும்தான். தண்ணீரை வற்றக் காய்ச்சினால் கிண்ணத்தில் உப்பு, நாம் சோற்றுக்குப் போடும் அதே உப்பு. தோலைச் சுடுகிற இரண்டு பொருள் சேர்ந்து, தொட்டு நாக்கில் வைக்கக்கூடிய ஒன்றாகிவிடும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

களவெட்டிப் பழக்கம்

வகுப்பை ஆறு குழுவாகப் பிரித்தேன். குழுவுக்கு ஒரு கிண்ணம், ஒரு குழாய். "கடதாசி நிறம் மாறாத இடத்தில நிப்பாட்டுங்க" என்று தொண்டை கிழியச் சொன்னேன்.

ஆறு குழுவும் சரியாக அந்த இடத்துக்கு வந்தன. வந்ததும், ஆறு குழுவும் இன்னுமொரு துளி விட்டன. ஆறு கடதாசியும் பச்சை.

"ஏன் விட்டீங்க?"

ஒரு போடியாரின் மகன் எழுந்தான். ஐம்பது ஏக்கர் வயல்காரரின் வாரிசு. நான் இது தெரியாத ஆளா என்பதுபோலப் பார்த்தான். "பொலிக்கு, சேர்."

எனக்குத் தெரியாமல் என்ன. நானும் கிரானில் பிறந்தவன்தானே. எங்கள் பக்கம் களவெட்டியில் சூடடித்து நெல் அளக்கும்போது, மரைக்காலைத் தலைவழித்து அளந்து அதோடு கையை எடுக்கமாட்டார்கள். கடைசி மரைக்காலுக்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டு "பொலி, பொலி" என்பார்கள். களத்தில் நின்று முடிந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் விளைச்சல் கோபித்துக்கொண்டு போய்விடும். என் அப்பா மருந்துக் கடையில் கசாயம் வாங்கினால்கூட, அளந்து ஊற்றியபின் போத்தலைப் பின்னுக்கு இழுக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு நிற்பார்.

இந்தப் பிள்ளைகளிடம் போய், சரியான அளவோடு நிறுத்து என்றால்? அவர்கள் காதில் அது கஞ்சத்தனமாக விழுந்தது. வாத்தியார் இளந்தாரி, கை விரிவு காணாது, நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

நான் அமிலம் விட்டுத் திருத்தினேன். அவர்கள் காரம் விட்டுப் பொலித்தார்கள். அமிலம் மிஞ்சினால் எனக்குக் கவலை இல்லை, காய்ச்சும்போது ஆவியோடு எழுந்து போய்விடும். காரம் அப்படியல்ல. கலியாணம் முடித்துப் பெண்வீட்டோடு வந்திருந்த மாப்பிள்ளைபோல, கிண்ணத்திலேயே இருந்துவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஐந்து குழுவைச் சரிப்படுத்தினேன். ஆறாவது போடியாரின் மகனுடையது. அதைச் சரிப்படுத்திவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் குழாயில் இருந்து ஒரு துளி விழுந்த சத்தம் கேட்டதா, இல்லையா? அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. மறுபடி பார்க்காமலே காய்ச்சிவிட்டேன். அது என் பிழைதான்.

ஆறு கிண்ணத்து உப்பும் சேர்ந்து ஒரு கையளவு, ஒரு சிறங்கை வந்தது. அடுத்த வாரத் திங்கட்கிழமை பெரிய வாத்தியாருக்குக் காட்ட வேண்டும். அலுமாரியில் வைத்தால் ஈரம் இழுக்கும் என்று பொட்டலமாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பொட்டலத்தின்மேல் என் அழகான கையெழுத்தில், "இவ்வுப்பு எமது வகுப்பில் எமது கைகளாற் செய்யப்பட்டது" என்று எழுதிக் கீழே ஒப்பமும் வைத்தேன். பெருமை தாங்கவில்லை.

ராசாட உப்பு

நான் இருந்தது பாக்கியம் அக்கா வீட்டில். அவருடைய கணவர் பயிர்க் காலம் முழுக்க வயல் வாடியில் தங்குவார். அக்கா விறாந்தையை ஒட்டிய அறையை எனக்குத் தந்து, சாப்பாடும் தந்தார். விதானையார் அவருடைய கூடப்பிறந்த தம்பி. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆகவே ஊரையே அதட்டும் விதானையார், தாம் பிறந்த அந்த வீட்டில் வெறும் விருந்தாளிதான். செருப்பை எங்கே கழற்றுவது என்பதுகூட அக்காவின் சட்டம்.

அந்தக் காலத்தில் உப்பு அரசாங்கத்தின் சொத்து. வாவிக் கரையில் வெயிலுக்குப் பூத்துக் கிடக்கும் உப்பை அனுமதியில்லாமல் அள்ளினாலும் குற்றம், காய்ச்சினாலும் குற்றம். சண்டை நாளில் கடையிலும் உப்பு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. இந்த நிலையில் முப்பது பிள்ளைகள் முப்பது வீட்டுக்குப் போய், "இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில உப்புச் செய்தம்" என்றால் என்ன நடக்கும்? கச்சேரிக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் போனது. வாவித் தண்ணீரைக் காய்ச்சி மூட்டை மூட்டையாக வாத்தியார் விற்கிறார் என்று அதில் இருந்ததாம்.

விதானையார் வந்தது பொழுதுபடும் நேரம். அக்கா அப்போதுதான் விளக்கு வைத்திருந்தார். விதானையார் குடையைச் சுவரில் சாத்திவிட்டு, கச்சேரி அனுப்பிய கடிதத்தைப் படித்துக் காட்டினார். என் கால் இரண்டும் அந்த நிமிடமே கிரான் சேற்றில் நின்றன.

"செய்தீங்களா தம்பி?"

"செய்தம் ஐயா. ஆனா மூட்டையில்ல. ஒரு சிறங்கை."

"சிறங்கையும் உப்புத்தான். ராசாட உப்பு. எங்க இரிக்கு?"

குசினியில், அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் என்றேன். பொய் சொல்லத் தெரியாதவனுக்கு இந்த நாட்டில் உத்தியோகம் நிலைக்காது என்று என் அப்பா அடிக்கடி சொல்வார்.

"எடுத்துக் குடுங்க அக்கா. கச்சேரிக்குக் கொண்டு போகணும்."

பாக்கியம் அக்கா அசையவில்லை. "விளக்கு வெச்சாச்சு."

"அதுக்கென்ன?"

"விளக்கு வெச்ச பிறகு உப்பு வாசல் தாண்டுறதா? எந்த ஊர்ப் பழக்கம்? சீதேவி உப்போட போயிருவா."

"அக்கா, இது அரசாங்கத்துச் சட்டம்."

"அரசாங்கம் விடிய வெள்ளனக்கு வரட்டும். பொழுதுபட்டா என்ட வீட்டுல இருந்து உப்புப் போகாது. நம்மட அம்மா இருந்த வீடுடா இது. இந்த வீட்டுச் சீதேவி போனா உனக்கு மட்டும் நல்லா இரிக்குமா?"

விதானையாருக்கும் அந்தப் பயம் இருந்தது. கச்சேரிக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "செரி. வெள்ளனக்கு வாறன். அதுவரை உப்பு உங்கட பொறுப்பு."

"சாப்பிட்டுப் போ. ஓரா மீன் சொதி வெக்கிறன்."

மஞ்சளா, சிவப்பா?

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனேன். அடுப்பில் சொதி கொதித்துக்கொண்டிருந்தது. மேலே தட்டில் பொட்டலத்தைக் காணவில்லை.

"அக்கா, உப்பு?"

"போட்டுட்டன். வீட்டுல உப்பு முடிஞ்சி ரெண்டு நாள். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது, சொதிக்கும் நல்லது." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவனுட்டச் சொல்லாதீங்க" என்றார்.

நான் சந்தோஷப்பட வேண்டியவன். முடியவில்லை. ஆறாவது கிண்ணம் ஞாபகம் வந்துவிட்டது. பொலிக்கு விட்ட துளி அதில் இருந்தால்? தோலை உரிக்கும் காஸ்டிக் சோடா விதானையாரின் தொண்டைக்குள் போனால்? உப்புக் காய்ச்சினால் வேலை மட்டும்தான் போகும். விதானையார் போனால்?

ஒரு துளியோ இரண்டு துளியோ ஒரு சட்டி சொதியில் கரைந்தால் ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். படித்தவன்தானே. ஆனால் பயம் வந்த பிறகு படிப்பு எங்கே நிற்கிறது?

அப்போதுதான் மூளை வேலை செய்தது. சொதியில் மஞ்சள் போட்டிருக்கிறார்கள். காரம் மிஞ்சியிருந்தால் சொதி சிவந்திருக்கும். எட்டிப் பார்த்தேன். குப்பி விளக்கு வெளிச்சத்தில் சொதி சிவப்பாகத்தான் தெரிந்தது. சட்டியும் சிவப்பு, சுவரும் சிவப்பு, அக்காவின் முகமும் சிவப்பு.

அக்கா தேசிக்காயை வெட்டிக்கொண்டிருந்தார். "புளி விடாதீங்க அக்கா" என்று கத்தினேன். புளி விட்டால் நிறம் மாறிவிடும், பிறகு எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அகப்பையில் சொதியை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். சிரட்டை அகப்பை கருப்பு. ஆகவே கையில் ஊற்றினேன்.

வாவிக்கு அப்பால் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தில் என் உள்ளங்கையில் சொதி, பூவரசம்பூபோல, சுத்தமான மஞ்சளாக இருந்தது. பரீட்சையில் பாஸான தந்தி வந்த அன்றுகூட நான் அப்படிச் சந்தோஷப்படவில்லை. அப்படியே நக்கிக் குடித்தேன். விதானையார் அதையும் பார்த்தார்.

சாட்சி

விதானையார் சம்மணம் கட்டி இருந்து சோற்றைக் குழைத்து, இரண்டு வாய் வைத்தார். பிறகு நிறுத்தினார்.

"அக்கா, சொதிக்கு உப்புக் காணாது."

அக்கா மடியில் இருந்து பொட்டலத்தை எடுத்தார். கொஞ்சம் மிச்சம் வைத்திருந்திருக்கிறார். உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று, அவருடைய சோற்றுக் கோப்பை ஓரத்தில் கொட்டினார். விதானையார் அதையும் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டு முடித்து, "நல்ல உப்பு. எந்தக் கடை?" என்றார்.

அக்கா பொட்டலக் கடதாசியை அவர் முன்னால் வைத்தார். அவர் மஞ்சள் விரலாலேயே அதை எடுத்துப் படித்தார். எமது வகுப்பில். எமது கைகளால்.

"அப்ப ராசாட உப்பு?"

"உன்ட வயித்துக்குள்ள இரிக்கு. வெள்ளனக்குக் கச்சேரிக்குக் கொண்டு போ."

விதானையார் கையைக் கழுவிவிட்டு வந்து வெற்றிலை வட்டாவை இழுத்தார். சுண்ணாம்பைப் பெருவிரலில் எடுத்து வெற்றிலையில் தடவினார். அதே விரலால், யாரும் பார்க்கும்முன் அந்தக் கடதாசியை மடித்துவிடலாம் என்று அமுக்கினார். சொதி விரல் பதிந்திருந்த இடத்தில் சுண்ணாம்பு விரல் பட்டது. மஞ்சளும் காரமும். என் ஒப்பத்துக்கு நேர் கீழே, ரத்தச் சிவப்பில், கோடு கோடாக ஒரு பெருவிரல் அடையாளம் எழுந்து வந்தது.

அக்கா விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தார். "சாட்சிக்குக் கைநாட்டும் வெச்சிட்டியே தம்பி."

"நான் வெக்கயில்ல."

"கைரேகை பொய் சொல்லாதெண்டு ஊருக்கெல்லாம் நீதானே சொல்லுற?"

விதானையார் என்னைப் பார்த்தார். அந்த ஊரில் எத்தனை பேரின் பெருவிரலைப் பிடித்து அவர் மையில் அமுக்கியிருப்பார். நான் இது ரசாயனம் என்று விளக்கப் போனேன். அக்கா என் காலை மிதித்தார். கடதாசி அக்காவின் மடிக்குள் போனது.

அங்கேயே, அந்த விளக்கிலேயே, விதானையார் அறிக்கை எழுதினார். "மேற்படி வீட்டையும் பாடசாலையையும் சோதித்தேன். உப்பு ஒரு கல்லும் இல்லை." எழுதி முடித்ததும் அக்கா, "உப்பில்லாத வீடெண்டு நீயே எழுதிட்டாய். உப்புத் தரச்சொல்லிச் சங்கக் கடைக்கும் ஒரு துண்டு எழுது" என்றார். அதையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவரால் செருப்பைத் தேட முடிந்தது.

திங்கட்கிழமை பெரிய வாத்தியாருக்குக் காட்ட என்னிடம் உப்பு இல்லை. பிள்ளைகளைக் கொண்டு அவர் கண்முன்னே மறுபடி செய்வித்தேன். அன்றும் ஆறு குழுவும் பொலிக்கு ஒரு துளி விட்டன. இந்த முறை ஆறையும் நானே திருத்தி, அடுப்பில் ஏற்றும்வரை கண்ணை எடுக்கவில்லை. பெரிய வாத்தியார் ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்தார். வகுப்பு நின்றது. முப்பத்திரண்டு வருடம் நானும் அங்கேயே நின்றேன்.

அந்தக் கடதாசியை, விதானையார் வந்து போன மறுநாள் காலையே அக்காவிடம் வாங்கிப் பார்த்தேன். சுண்ணாம்பு காற்றில் காய்ந்து காரம் செத்துப்போயிருந்தது. சிவப்பு இல்லை, கைரேகை இல்லை, பழுப்பாக ஒரு சொதிக் கறைதான் இருந்தது. அக்கா அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

விதானையார் அதன்பிறகு எங்கே என்னைக் கண்டாலும் குடையைத் தாழ்த்தி, பக்கத்தில் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்பார்.

"தம்பி, அந்தக் கடதாசி?"

"பத்திரமா இரிக்கு ஐயா. அப்பிடியே சிவப்பா இரிக்கு."